செல்களை ‘ஃபிக்ஸ்’ செய்யும்போது உண்மையில் என்ன நடக்கிறது?

“4% பி.எஃப்.ஏ., 15 நிமிடம், அறை வெப்பநிலை.” நுண்ணோக்கியில் பார்ப்பதற்காகச் செல்களை ஃபிக்ஸ் செய்வது, அதாவது பதப்படுத்துவது, எப்படி என்று கேட்டால் பெரும்பாலான ஆய்வகங்களில் கிடைக்கும் பதில் இந்த ஒரு வரிதான் (பி.எஃப்.ஏ. என்பது ஃபார்மால்டிஹைடு தரும் பாராஃபார்மால்டிஹைடு). ஏன் அப்படி என்று மறுபடி கேட்டுப் பாருங்கள், பதில்கள் பலவாகப் பிரியும். செல் சாகவேண்டும் அல்லவா என்பார் ஒருவர். கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளத்தான் என்பார் இன்னொருவர். உயிரோடு இருந்த கணத்தில் செல் எப்படி இருந்ததோ அப்படியே உறைந்துபோகிறது என்பது மூன்றாவது பதில். பலரும் நம்புவது இதைத்தான்.

வெறும் தண்ணீர் ஊற்றினாலும் செல் செத்துவிடும். அதை யாரும் ஃபிக்ஸ் செய்தது என்று சொல்வதில்லை. கண்ணாடியில் வளர்ந்த செல்கள் முன்பே தாமாக ஒட்டிக்கொண்டுதான் இருக்கின்றன. மூன்றாவது நம்பிக்கைதான் அதிகக் கெடுதல் செய்கிறது. நுண்ணோக்கியில் தெரிவதெல்லாம் உயிருள்ள செல்லில் இருந்தவை என்று அது நினைக்க வைத்துவிடுகிறது. அழகான படம் கிடைத்து, அதிலிருந்து தவறான முடிவுக்குப் போவதற்கு இதுவே முதல் காரணம்.

## எதற்காக ஃபிக்ஸ் செய்ய வேண்டும்?

ஆன்டிபாடி என்பது ஒரு குறிப்பிட்ட புரதத்தின் ஒரு குறிப்பிட்ட இடத்தை மட்டும் தேடிப் பிடித்துக்கொள்ளும் புரதம். அதன்மேல் ஒளிரும் சாயம் ஒன்றை இணைத்துவிட்டால், நாம் தேடும் புரதம் செல்லுக்குள் எங்கே இருக்கிறது என்பதை நுண்ணோக்கியில் ஒளியாகப் பார்க்கலாம். இம்யூனோஃபுளோரசன்ஸ் என்பது இந்த உத்திதான். ஆல்பர்ட் கூன்ஸும் அவருடைய சகாக்களும் 1941-ல் இதை முதலில் செய்து காட்டினார்கள்.

ஆன்டிபாடி பெரிய மூலக்கூறு. அதன் எடை ஏறத்தாழ 1,50,000 டால்டன். உயிருள்ள செல்லின் வெளிச்சவ்வை அது தாண்டிப் போகாது. உள்ளே போக வேண்டுமென்றால் சவ்வில் துளை போட்டாக வேண்டும். துளை போட்டால் உள்ளே மிதந்துகொண்டிருக்கும் புரதங்கள் வெளியே ஓடிவிடும்.

சரக்கு ஏற்றிய லாரியின் பின்கதவைத் திறப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே எதுவும் கட்டப்படவில்லை என்றால் கதவு திறந்ததும் பாதி சரக்கு தரையில் கிடக்கும். முதலில் கயிறு போட்டுக் கட்ட வேண்டும், பிறகுதான் கதவைத் திறக்க வேண்டும். கயிறு போடும் வேலைதான் ஃபிக்ஸ் செய்வது. அதைச் செய்யும் வேதிப்பொருளை ஃபிக்ஸேட்டிவ் என்கிறோம்.

ஒரு சிக்கல் உண்டு. கயிற்றை அளவுக்கு மீறிச் சுற்றினால், எந்தப் பெட்டியில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்றே தெரியாமல் போய்விடும். ஆன்டிபாடி பிடித்துக்கொள்ளும் அந்தச் சிறிய இடத்துக்கு எபிடோப் என்று பெயர். கட்டு தளர்ந்தால் புரதம் ஓடிவிடும். கட்டு இறுகினால் எபிடோப் மறைந்துவிடும். எல்லாப் புரதத்துக்கும் எல்லா ஆன்டிபாடிக்கும் பொருந்தும் ஒரே ஃபிக்ஸேட்டிவ் இல்லை என்பதற்கு இந்த இழுபறிதான் காரணம்.

இதுவரை: ஆன்டிபாடி உள்ளே போகத் துளை வேண்டும், துளை போடுமுன் புரதங்களைக் கட்டிவைக்க வேண்டும், கட்டு இறுக இறுக எபிடோப் மறையலாம்.

## கட்டிப்போடுவதும் திரளச் செய்வதும்

முட்டையின் வெள்ளைக்கரு பெரும்பகுதி தண்ணீரும் புரதமும்தான். அதில் ஆல்கஹால் ஊற்றினால் சட்டென்று வெண்மையாகத் திரண்டு தனியே பிரியும். ஃபார்மால்டிஹைடு கலந்தால் மெல்ல மெல்லக் கெட்டியாகும். செல்லுக்குள்ளும் ஏறத்தாழ இதே இரண்டு வழிகள்தான்.

### ஃபார்மால்டிஹைடு: முடிச்சுப் போடுவது

ஃபார்மால்டிஹைடு மிகச் சிறிய மூலக்கூறு; எடை வெறும் 30 டால்டன். ஒரு புரதத்தில் இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலத்தின் நைட்ரஜனை அது முதலில் பிடிக்கிறது. பிறகு மறுபக்கத்தில் அருகிலிருக்கும் இன்னொரு புரதத்தைப் பிடிக்கிறது. நடுவில் ஒரே ஒரு கார்பன் அணு மட்டும் பாலமாக நிற்கும். இந்தப் பாலத்தைக் குறுக்குப் பிணைப்பு என்கிறோம். இப்படி ஆயிரக்கணக்கான முடிச்சுகள் விழுந்ததும் செல் முழுவதும் ஒரே வலையாகிவிடுகிறது.

1893-ல் ஜெர்மானிய மருத்துவர் ஃபெர்டினாண்ட் ப்ளூம் ஃபார்மால்டிஹைடைக் கிருமிநாசினியாகச் சோதித்துக்கொண்டிருந்தபோது தம் விரல்களின் தோல் கெட்டிப்பட்டதைக் கவனித்தார். திசுக்களைப் பதப்படுத்த அது பயன்படும் என்பது அப்படித்தான் தெரியவந்தது. அவர் விரல்தோலில் நடந்ததும் இந்த முடிச்சு வேலையே.

ஃபார்மால்டிஹைடு பிடிப்பது பெரும்பாலும் புரதங்களை. சவ்வின் கொழுப்பு மூலக்கூறுகளில் பெரும்பாலானவை கட்டப்படாமலே இருக்கின்றன. சவ்வில் கொழுப்பால் மட்டும் பொருத்தப்பட்டிருக்கும் புரதங்கள் ஃபிக்ஸ் ஆன பிறகும் நகரக்கூடும். ஆன்டிபாடிக்கு இரண்டு கைகள். அத்தகைய இரண்டு புரதங்களை அது சேர்த்து இழுத்தால், செல்லில் இல்லாத புள்ளித் திரள்கள் படத்தில் முளைக்கும். சவ்வுப் புரதங்களில் திரள்களைக் கண்டு மகிழ்வதற்கு முன் இதை நினைவில் வைக்க வேண்டும்.

### பி.எஃப்.ஏ., ஃபார்மலின்: பெயர்க் குழப்பம்

இங்கே குழம்பாதவர்கள் குறைவு. மூன்று பெயர்களும் ஒரே மூலக்கூறைச் சுற்றித்தான்.

பாராஃபார்மால்டிஹைடு, அதாவது பி.எஃப்.ஏ., வெள்ளைத் தூள். ஃபார்மால்டிஹைடு மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்தது. சங்கிலி நிலையில் அது எதையும் ஃபிக்ஸ் செய்யாது. உடைந்து தனித்தனி ஃபார்மால்டிஹைடு ஆனால்தான் வேலை செய்யும். ஆகவே ‘4% பி.எஃப்.ஏ.’ என்று புட்டியில் எழுதியிருப்பது உண்மையில் 4% ஃபார்மால்டிஹைடு கரைசல்.

ஃபார்மலின் என்பது சுமார் 37% ஃபார்மால்டிஹைடு கரைசல். மறுபடி சங்கிலியாகி வெண்படிவாகாமல் இருக்க வழக்கமாக 10 முதல் 15% மெத்தனால் அதில் கலந்திருக்கும். ‘10% ஃபார்மலின்’ என்றால் அந்தக் கரைசலைப் பத்து மடங்கு நீர்த்தது, அதாவது ஏறத்தாழ 3.7% ஃபார்மால்டிஹைடு. 10% என்ற எண்ணைப் பார்த்து இது 4% பி.எஃப்.ஏ.வைவிட இரண்டரை மடங்கு வீரியம் என்று நினைப்பது அடிக்கடி நடக்கும் தவறு. இரண்டும் அநேகமாகச் சமம். வேறுபாடு ஃபார்மலினில் உள்ள மெத்தனால்தான். நுண்ணிய அமைப்புகளைப் பார்க்க வேண்டுமென்றால் மெத்தனால் இல்லாத கரைசலையே எடுங்கள்.

தூளிலிருந்து 100 மி.லி. தயாரிக்க: 80 மி.லி. தண்ணீரை 60 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி 4 கிராம் தூளைப் போட்டுக் கலக்குங்கள். பால்போல் கலங்கியே இருக்கும். சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டால் சில நிமிடங்களில் தெளியும். ஆறியதும் பத்து மடங்கு அடர்ந்த பி.பி.எஸ். 10 மி.லி. சேர்த்து, பிஹெச் 7.4-க்குக் கொண்டுவந்து, 100 மி.லி.க்கு நிரப்பி வடிகட்டவும். (பி.பி.எஸ். என்பது செல்லின் உப்பளவுக்கு ஒத்த பாஸ்பேட் பஃபர்.) ட்ரிஸ் பஃபரில் தயாரிக்கக் கூடாது, ட்ரிஸிலும் அமீன் (லைசினில் இருப்பது போன்ற நைட்ரஜன் தொகுதி) இருப்பதால் ஃபார்மால்டிஹைடு செல்லை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொள்ளும்.

சூடாக்கும் வேலையே வேண்டாமென்றால் 16% ஃபார்மால்டிஹைடு அடைத்த ஆம்பியூல் (மூடி முத்திரையிட்ட கண்ணாடிக் குப்பி) இருக்கிறது. 10 மி.லி. ஆம்பியூல், பத்து மடங்கு பி.பி.எஸ். 4 மி.லி., தண்ணீர் 26 மி.லி. சேர்த்தால் 40 மி.லி. 4% கரைசல் தயார். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இதையே பரிந்துரைப்போம். கரைசலைச் சிறு பகுதிகளாக மைனஸ் 20-ல் வைத்து, உருகியதை அன்றே பயன்படுத்திவிட வேண்டும். நாள்பட்ட கரைசலில் ஃபார்மிக் அமிலம் உருவாகிப் பிஹெச் இறங்கும். கட்டும் திறனும் குறையும்.

இந்த வேலை எல்லாம் ஃப்யூம் ஹூடுக்குள்தான் (ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் பெட்டி). ஃபார்மால்டிஹைடு மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. தூளை நிறுக்கும்போதே முகக்கவசமும் கையுறையும் வேண்டும். மீதியைத் தொட்டியில் கொட்டாமல் தனிப்புட்டியில் சேர்க்கவும்.

### குளூட்டரால்டிஹைடு

ஃபார்மால்டிஹைடில் ஆல்டிஹைடு என்ற வினைமுனை ஒன்றுதான். குளூட்டரால்டிஹைடுக்கு இரு முனையிலும் அது உண்டு. வேகமாகவும் இறுக்கமாகவும் கட்டும். நுண்குழல்கள் (செல்லுக்குள் சட்டகம்போல் ஓடும் நுண்ணிய குழாய்கள்) போன்ற மெல்லிய அமைப்புகளுக்கு 0.1% அளவில் ஃபார்மால்டிஹைடோடு சேர்ப்பார்கள். விலையும் உண்டு: பல எபிடோப்கள் மறைந்துவிடும், செல்லும் தானாகவே ஒளிர ஆரம்பிக்கும். அந்த ஒளிர்வைக் குறைக்க, அப்போதே கரைத்த சோடியம் போரோஹைட்ரைடை (மி.லி.க்கு 1 மி.கி.) 7 நிமிடம் விட வேண்டும். கரைசலில் ஹைட்ரஜன் குமிழிகள் எழும். அவை கவர்ஸ்லிப்பை (செல்கள் ஒட்டியிருக்கும் மெல்லிய கண்ணாடித் தகடு) தூக்கி மிதக்க விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

### மெத்தனால்: தண்ணீரை உருவி எடுப்பது

மெத்தனால் முடிச்சு எதுவும் போடுவதில்லை. புரதத்தைச் சுற்றியிருக்கும் தண்ணீரை உருவிவிடுகிறது. மடிப்பு குலைந்த புரதங்கள் ஒன்றன்மேல் ஒன்று திரண்டு இருந்த இடத்திலேயே படிகின்றன. சவ்வின் கொழுப்பையும் அது கரைத்துவிடுவதால் தனியாகத் துளை போட வேண்டியதில்லை.

மைனஸ் 20 டிகிரியில் குளிர்வித்த மெத்தனாலில் 5 முதல் 10 நிமிடம் போதும். கவர்ஸ்லிப்பில் தேங்கிய பஃபரை வடித்துவிட்டு நேரே அமிழ்த்த வேண்டும். பிறகு பி.பி.எஸ். மூன்று முறை.

நுண்குழல்களுக்கும், அவை கிளம்பும் மையமான சென்ட்ரோசோமின் புரதங்கள் பலவற்றுக்கும் இது அருமையாக வேலை செய்யும். மடிப்பு குலைவதால் உள்ளே புதைந்திருந்த எபிடோப் வெளிப்படுவதும் உண்டு. அதே குலைவு வேறிடத்தில் கெடுக்கும். ஆக்டின் என்ற புரதத்தின் இழைகளைக் காட்டும் ஃபலாய்டின் என்ற சாயம், ஆக்டின் தன் இயல்பான வடிவத்தில் இருந்தால்தான் ஒட்டும். மெத்தனாலுக்குப் பிறகு ஒட்டாது. பச்சை ஒளிர்புரதமான ஜி.எஃப்.பி.யின் ஒளி பெரும்பாலும் அணைந்துவிடும். ஃபார்மால்டிஹைடில் அது தாக்குப்பிடிக்கும். திரளாமல் கரைந்தே இருக்கும் சிறு புரதங்கள் வெளியேறிவிடும். கொழுப்புத் துளிகளைப் பார்க்க நினைப்பவர்கள் மெத்தனால் பக்கமே போக வேண்டாம்.

அசிட்டோனும் இதே வகைதான். பாலிஸ்டைரீன் தட்டுகளை அது கரைத்துவிடும் என்பதால் கண்ணாடிப் பாத்திரத்தில் மட்டும்.

இதுவரை: ஃபார்மால்டிஹைடு வடிவத்தைக் காப்பாற்றும், எபிடோப்பை மறைக்கலாம், துளை தனியாகப் போட வேண்டும். மெத்தனால் எபிடோப்பைத் திறந்துவிடலாம், துளையும் அதுவே போடும், ஆனால் செல் சுருங்கித் தட்டையாகும், கொழுப்பு போய்விடும்.

## செல் உடனே உறைவதில்லை

முதலில் சொன்ன மூன்றாவது நம்பிக்கைக்கு வருவோம். ஃபார்மால்டிஹைடு செல்லுக்குள் நுழைய அதிக நேரம் ஆகாது. முடிச்சுப் போடத்தான் நேரம் ஆகிறது. தண்ணீரில் கரைந்ததும் அது பெரும்பாலும் தண்ணீரோடு சேர்ந்து மெத்திலீன் கிளைக்கால் என்ற இன்னொரு வடிவத்துக்கு மாறிவிடுகிறது. அந்த வடிவம் எளிதாக ஊடுருவும், ஆனால் புரதத்தைப் பிடிக்காது. ஒவ்வொரு கணத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய வடிவத்துக்குத் திரும்பும் மூலக்கூறுகள்தான் முடிச்சுப் போடுகின்றன.

ஆகவே ஊற்றிய முதல் சில நிமிடங்கள் ஒரு நடுக்காலம். செல் செத்துக்கொண்டிருக்கிறது, இன்னும் முழுதாகக் கட்டுப்படவில்லை. அந்த இடைவெளியில் சவ்வு கொப்புளிக்கலாம், மைட்டோகாண்ட்ரியா துண்டுபடலாம், வேகமாக அலையும் புரதம் இடம் மாறலாம், செல்லில் திரவத்துளிபோல் திரளும் புரதங்களின் துளிகள் பெருகவோ மறையவோ செய்யலாம். நுண்குழல்கள் குளிரில் கலைந்துவிடும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கரைசலை அப்படியே ஊற்றினால், கட்டு விழுமுன் அவை கலையத் தொடங்கும். ஃபிக்ஸேட்டிவை 37 டிகிரிக்குச் சூடாக்கி ஊற்றச் சொல்வது இதனால்தான்.

நேரத்துக்கு மறுமுனையும் உண்டு. 10 முதல் 20 நிமிடம் பெரும்பாலான வளர்ப்புச் செல்களுக்குப் போதும். இரவு முழுக்க விட்டால் எபிடோப்கள் மறையும், பின்னணி ஒளிர்வு ஏறும். மிகக் குறைவாக விட்டால் முடிச்சுகள் சில அவிழ்ந்துவிடும். ஃபார்மால்டிஹைடின் வினையில் ஒரு பகுதி தண்ணீரில் திரும்பக்கூடியது. அப்படி அரைகுறையாகக் கட்டிய செல்லை நாள்கணக்கில் பி.பி.எஸ்.ஸில் வைத்திருந்தால் ஒளி மங்கிக்கொண்டே போகும்.

## துளை போடுவதிலும் தேர்வு உண்டு

ட்ரைட்டான் எக்ஸ்-100 என்பது சோப்பு போன்ற பொருள். 0.1 முதல் 0.3% அளவில் 5–10 நிமிடம் விட்டால் வெளிச்சவ்வு, உட்கருவின் சவ்வு, மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வு எல்லாவற்றிலும் வழி திறக்கும். உட்கருப் புரதங்களுக்கு இது தேவை. சவ்வுப் புரதங்களுக்கு முரட்டுத்தனம்; சரியாகக் கட்டப்படாதவற்றைக் கழுவிக்கொண்டு போய்விடும்.

சப்போனின் கொலஸ்ட்ரால் இருக்கும் இடத்தைப் பார்த்துத் துளைக்கும், மென்மையானது. ஆனால் அது விலகினால் துளை மூடிக்கொள்ளும். 0.1% சப்போனினை அடுத்தடுத்த கரைசல்கள் எல்லாவற்றிலும், ஆன்டிபாடிக் கரைசலிலும்கூடச் சேர்க்க வேண்டும். இதை மறந்துவிட்டு ‘ஆன்டிபாடி வேலை செய்யவில்லை’ என்று முடிவுகட்டுவது சாதாரணம். டிஜிட்டோனின் அளவறிந்து பயன்படுத்தினால் வெளிச்சவ்வை மட்டும் திறந்து உட்கருவின் சவ்வை விட்டுவைக்கும்.

## ஒரு கவர்ஸ்லிப், படிப்படியாக

24 குழித் தட்டில் 12 மி.மீ. கவர்ஸ்லிப்மேல் வளர்ந்த செல்கள் என்று வைத்துக்கொள்வோம். கண்ணாடியின் தடிமன் 0.17 மி.மீ., அதாவது எண் 1.5. நுண்ணோக்கி லென்ஸ்கள் இந்தத் தடிமனுக்கே கணக்கிட்டுச் செய்யப்படுகின்றன.

வளர்ப்பு ஊடகத்தை ஓரத்திலிருந்து உறிஞ்சி, 37 டிகிரி பி.பி.எஸ். ஒரு முறை, விரைவாக. கால்சியமும் மக்னீசியமும் உள்ள பி.பி.எஸ். நல்லது, அவை இல்லாமல் வெகுநேரம் நின்றால் செல்கள் பிடி தளர்ந்து உருண்டுவிடும். உடனே 4% ஃபார்மால்டிஹைடு 500 மைக்ரோலிட்டர். பிப்பெட்டின் முனையைக் குழியின் சுவரில் வைத்து, கரைசல் சுவர் வழியே வழிந்து கவர்ஸ்லிப்பை மூடும்படி விடுங்கள். நடுவில் பீய்ச்சினால் அங்கே செல்கள் பெயர்ந்து ஒரு வட்டவடிவ வெற்றிடம் விழும். அதைப் பிறகு நுண்ணோக்கியில் பார்த்தால் செல்கள் குறைவாக வளர்ந்ததுபோலவே தோன்றும்.

15 நிமிடத்துக்குப் பின் பி.பி.எஸ். மூன்று முறை, ஒவ்வொன்றும் 5 நிமிடம். பிறகு 50 மில்லிமோலார் அம்மோனியம் குளோரைடு அல்லது 0.1 மோலார் கிளைசின் 10 நிமிடம். ஒரு முனை மட்டும் பிடித்து மறுமுனை திறந்தபடி நிற்கும் வினைமுனைகளை இது அடைத்துவிடும். இல்லாவிட்டால் வந்து சேரும் ஆன்டிபாடியை அவை கண்டபடி பிடித்துக்கொள்ளும். அடுத்து ட்ரைட்டான். அதன்பின் ப்ளாக்கிங்: கண்ட இடத்தில் ஒட்டாமல் இருக்க 1–5% பி.எஸ்.ஏ. (மாட்டின் சீரத்திலிருந்து எடுத்த ஆல்புமின் புரதம்) அல்லது 5–10% சீரம், 30 முதல் 60 நிமிடம். நாம் தேடும் புரதத்தைப் பிடிப்பது முதல் ஆன்டிபாடி; அதைப் பிடிக்கும், சாயம் இணைத்த ஆன்டிபாடி இரண்டாம் ஆன்டிபாடி. சீரம் இந்த இரண்டாம் ஆன்டிபாடி எந்த விலங்கிலிருந்து வந்ததோ அதே விலங்கினுடையதாக இருக்க வேண்டும்.

முதல் ஆன்டிபாடி அறை வெப்பநிலையில் ஒரு மணி நேரம், அல்லது 4 டிகிரியில் இரவு முழுக்க. பாராஃபிலிம் என்ற மெழுகுப் படலத்தின்மேல் 30–40 மைக்ரோலிட்டர் சொட்டு வைத்து, செல் இருக்கும் பக்கம் கீழே வரும்படி கவர்ஸ்லிப்பைக் கவிழ்த்தால் ஆன்டிபாடி மிச்சமாகும். ஈரத்துணி வைத்த மூடிய பெட்டிக்குள் இது நடக்கட்டும். கழுவி, இரண்டாம் ஆன்டிபாடி ஒரு மணி நேரம், இருட்டில். மீண்டும் கழுவி, உட்கருவுக்கு டாப்பி என்ற டி.என்.ஏ. சாயம், பிறகு ஸ்லைடில் பதிப்பது.

தொடக்கம் முதல் முடிவு வரை செல் ஒருமுறைகூடக் காயக் கூடாது. கரைசலை மாற்றும்போது பத்துக் குழிகளையும் ஒரேயடியாக உறிஞ்சிவிட்டுப் பிறகு நிரப்பப் போனால் முதல் குழி காய்ந்திருக்கும். இரண்டு மூன்றாகச் செய்யுங்கள். காய்ந்த இடத்தில் ஆன்டிபாடி ஓரங்களில் அப்பி, பளிச்சென்று பொய் ஒளி தரும்.

## படத்தில் கோளாறு தெரிந்தால்

ஒளியே இல்லை என்றால் ஆன்டிபாடியைக் குறை சொல்லுமுன் ஃபிக்ஸேட்டிவை மாற்றிப் பாருங்கள். வெஸ்டர்ன் ப்ளாட்டில் (செல்லிலிருந்து பிரித்தெடுத்த புரதங்களை எடைவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் கண்டறியும் சோதனை) வேலை செய்யும் ஆன்டிபாடி இங்கே தோற்பது இயல்பு. அங்கே புரதம் மடிப்புக் குலைந்து நீண்டு கிடக்கிறது. ஃபார்மால்டிஹைடு போட்ட செல்லில் மடிந்தபடியே முடிச்சுப் போட்டு நிற்கிறது. மெத்தனாலில் அதே ஆன்டிபாடி அழகாக வேலை செய்யக்கூடும். எபிடோப்பிலேயே லைசின் இருந்தால் ஃபார்மால்டிஹைடு நேரே அதன்மேல் உட்கார்ந்துவிடுவதும் ஒரு காரணம்.

செல்லைச் சுற்றிக் கொப்புளங்கள் தெரிந்தால் கரைசலின் உப்பளவோ பிஹெச்சோ தவறியிருக்கலாம், பழைய கரைசலாகவும் இருக்கலாம். நுண்குழல்கள் நெளிந்து துண்டுதுண்டாக நின்றால் குளிர்ந்த கரைசலைச் சந்தேகிக்கலாம். சைட்டோபிளாசத்தில் இருக்க வேண்டிய புரதம் உட்கருவில் பளிச்சிட்டால் இன்னும் எச்சரிக்கை தேவை: சரியாகக் கட்டப்படாத கரையும் புரதம், துளை போட்டபின் உட்கருவுக்குப் போய் ஒட்டிக்கொள்வது உண்டு. எல்லா இடமும் சமமாக மங்கலாக ஒளிர்ந்தால் முதல் ஆன்டிபாடி இல்லாமல் ஒரு கவர்ஸ்லிப் செய்து ஒப்பிடுங்கள். அதிலும் அதே ஒளி வந்தால் இரண்டாம் ஆன்டிபாடியின் ஒட்டலோ ஃபிக்ஸேட்டிவ் தந்த ஒளிர்வோ காரணம். இரண்டு ஆன்டிபாடியும் இல்லாத இன்னொரு கவர்ஸ்லிப் இருந்தால் அந்த இரண்டையும் பிரித்தறியலாம்.

ஒரு புரதம் எங்கே இருக்கிறது என்று முதல்முறையாகச் சொல்லப்போகிறீர்கள் என்றால், ஒரே நாளில் ஒரே தட்டிலிருந்து ஒரு கவர்ஸ்லிப்பை ஃபார்மால்டிஹைடிலும் இன்னொன்றை மெத்தனாலிலும் போட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே இடத்தைக் காட்டினால் நம்பிக்கை கூடும். மாறுபட்டால், அந்தப் புரதத்தை ஜி.எஃப்.பி.யோடு இணைத்து உயிருள்ள செல்லில் ஒரு படம் எடுங்கள். பிறகு அதே செல் நுண்ணோக்கி மேடையில் இருக்கும்போதே ஃபார்மால்டிஹைடை ஊற்றிப் பத்து நிமிடம் தொடர்ந்து படமெடுங்கள். எது நகர்ந்தது, எது அப்படியே நின்றது என்பது அந்தப் பத்து நிமிடப் படத்தொடரிலேயே தெரிந்துவிடும்.